வண்டி நிற்கிறது, தவணை நிற்கவில்லை

சென்ற மாதம் கூடிய நம் சங்கச் செயற்குழுவில் பேச எடுத்துக்கொண்ட பொருள்கள் நான்கு. தொழில் உரிமக் கட்டணம், குப்பை வரி, மதுரை மாசி வீதிகளில் சரக்கு வண்டிகளுக்கான நேரக் கட்டுப்பாடு, கட்டட நிதி. மூன்றாவதைத் தொட்டதுமே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. "நேரம் கொடுத்தால் மட்டும் போதுமா? வண்டி ஓடினால்தானே சரக்கு வரும்?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் கேட்டார். அவ்வளவுதான். அடுத்த ஒன்றரை மணி நேரம் ஆளுக்கு ஆள் தங்கள் புது வண்டியின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கட்டட நிதி வழக்கம்போல் அடுத்த கூட்டத்துக்குப் போயிற்று.

அன்று கேட்ட கதைகளில் ஒன்றை மட்டும் இங்கே விவரமாக எழுதுகிறோம். காரணம், அதில் பாதியை நாமே நேரில் பார்த்தோம்.

கேள்வி கேட்ட அந்த உறுப்பினர் திருநகர் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். கீழமாசி வீதியில் அரிசி, பருப்பு, வத்தல் எடுத்துத் தம் கடைக்கும், சுற்றியுள்ள ஏழெட்டுச் சிறு கடைகளுக்கும் போடுகிறார். பல ஆண்டுகள் வாடகை வண்டியில் ஏற்றியவர், சென்ற ஆண்டு ஆவணியில் சொந்தமாக ஒரு புது டீசல் சரக்கு வண்டி எடுத்தார். ஓட்டுபவரும் அவரே. ஏற்ற இறக்க ஓர் ஆள். ஐந்தாவது வாரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரை மாட்டினார்கள், ஒரு மணி நேரம் இன்ஜினை நின்ற இடத்திலேயே உறும விட்டார்கள், "சரியாகிவிட்டது" என்று அனுப்பினார்கள். பத்து நாளில் மறுபடி விளக்கு. மறுபடி கம்ப்யூட்டர். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பாதி லோடுடன் தெற்குவாசல் பாலத்தில் ஏறுகையில் வண்டி இழுக்க மறுத்துவிட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இருபதுக்கு மேல் ஏறவில்லை.

மூன்றாம் முறை அவருடன் நாமும் போயிருந்தோம். கண்ணாடி அறை, ஏ.சி., காபி எல்லாம் குறைவில்லை. "அண்ணாச்சி, சென்சார் போயிருக்கலாம். கம்பெனியிலிருந்து பார்ட் வரணும்" என்றார் அங்கிருந்த இளைஞர். எப்போது வரும் என்றோம். "ஆர்டர் போட்டாச்சு, அண்ணாச்சி" என்றார். நாள் கேட்டோம். "மெசேஜ் வரும்" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் நாளும் இல்லை, அதிகாரமும் இல்லை. முதல் இரண்டு முறை கொடுத்த ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தோம். இரண்டிலும் 'பொதுச் சோதனை' என்று மட்டுமே இருந்தது. விளக்கு எரிந்ததும் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் என்ன வந்தது என்பதும் தெரியவில்லை. காகிதத்தைப் பார்த்தால் அந்த வண்டிக்கு ஒரு நோயும் வந்ததே இல்லை.

வண்டி 19 நாள் அங்கே நின்றது. தீபாவளி வந்து போயிற்று. ஞாயிறு இரண்டு போக 17 நாளைக்கு, நாளொன்றுக்கு 1,100 ரூபாய் வீதம் 18,700 ரூபாய் வாடகை வண்டிக்குக் கொடுத்தார். ஐந்தாம் தேதியானதும் 17,400 ரூபாய் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டது. நின்ற வண்டிக்குத் தவணை, ஓடாத நாளுக்கு வாடகை, இரண்டும் சேர்ந்து 36,100 ரூபாய். சீசனில் சரக்கு நேரத்துக்குப் போகாததால் கைமாறிய இரண்டு கடைகளின் வியாபாரம் இந்தக் கணக்கில் இல்லை. அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இதை ஒருவருடைய துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் சொந்தச் சரக்கு வண்டி வைத்திருப்போர் பலர் இதே மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். கம்பெனி வேறு, மாடல் வேறு, ஷோரூம் வேறு. பதில் மட்டும் ஒன்று.

நம்மில் இத்தனை பேர் வண்டிக்காரர்கள் ஆனது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு வந்தது மாட்டு வண்டியிலும் மூன்று சக்கரத் தள்ளு வண்டியிலும்தான். பெரிய லோடு என்றால் வாடகை லாரி, வேன். 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்தது. 702 சி.சி., இரண்டே சிலிண்டர், முக்கால் டன் பாரம். நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் பிறகு வந்த மற்றக் கம்பெனி வண்டிகளுக்கும் சேர்த்துப் பொதுப் பெயராகிவிட்டது. சந்தில் நுழையும், கடை வாசலில் நிற்கும், வேலை இல்லாத நேரத்தில் வாடகைக்கும் போகும். 3,000 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்பது இன்னொரு வசதி. கோளாறு என்றால் பைபாஸ் ரோட்டு மெக்கானிக் நாலு ஸ்பேனரோடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, கையோடு சரி செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் காலம் 2020 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு வந்தது. இதை நாம் எதிர்க்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பகல் முழுவதும் கடை வாசலில் உட்கார்ந்து அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்ததும் நல்லதே. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்காக வண்டியில் என்னென்ன மாட்டினார்கள், அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை நமக்கு விற்றவர்கள் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

பெரும்பாலான புது டீசல் வண்டிகளின் சைலன்சர் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். புகையிலுள்ள கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைத்த கரி நிறைந்தால் அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால் அவ்வப்போது அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. வண்டி ஒரே வேகத்தில் இருபது முப்பது நிமிடம் ஓடினால் அந்த வெப்பம் கிடைத்து, வேலை தானாக நடந்துவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நாற்கர சாலையில் விருதுநகர் போய் வரும் வண்டிக்கு ஒரு தொல்லையும் இல்லை.

நம் வண்டி போகும் வழி என்ன? கீழமாசி வீதியில் ஏற்றுவது, விளக்குத்தூணில் நிற்பது, தெற்குவாசலில் நிற்பது, கடைக்குக் கடை இறங்குவது, இன்ஜினை அணைப்பது, மறுபடி போடுவது. எட்டுக் கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். கரி சேருகிறது, எரிவதற்கு வழியில்லை. எரிக்க ஆரம்பித்த நேரத்தில் அடுத்த கடை வந்து சாவியைத் திருப்பிவிடுகிறோம். பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் எரியாத டீசல் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலக்கவும் செய்யும். ஆயில் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். அது டீசல். உடனே காட்டியாக வேண்டும். கரி அளவுக்கு மேல் போனால் கம்ப்யூட்டர் இன்ஜினின் பலத்தைக் குறைத்துவிடுகிறது. பாலத்தில் நம் உறுப்பினர் கண்டது இதைத்தான். சற்றுப் பெரிய வண்டிகளில் யூரியாத் திரவம் ஊற்ற வேண்டியிருக்கும். அதில் தண்ணீர் கலந்தாலும், தீர்ந்துபோனாலும் இதே கதிதான்.

வண்டியோடு கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை அன்று பிரித்துப் படிக்கச் சொன்னோம். மஞ்சள் விளக்கு எரிந்தால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், நிற்காமல், இத்தனை நிமிடம் ஓட்டுக என்று இருந்தது. கீழமாசி வீதியில் அறுபதில் ஓட்டினால் கரி எரிவதற்கு முன் நாம் காவல் நிலையத்தில் இருப்போம்.

ஆகவே, இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, உண்மையான உற்பத்திக் கோளாறு. நம் உறுப்பினரின் வண்டியில் கடைசியாகக் கண்டுபிடித்தது அதைத்தான். வடிகட்டியின் இருபுறத்து அழுத்தத்தை அளக்கும் சென்சார் தவறான அளவு காட்டியிருக்கிறது. ஐந்து வாரத்தில் கெட்டுப்போகும் சாமான் அல்ல அது. முதல் முறையே அதைச் சோதித்திருந்தால் தீபாவளி தப்பியிருக்கும். மற்றது, கோளாறே இல்லாத வண்டியைத் தப்பான வேலைக்கு விற்பது. "ஒரு நடைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை இடத்தில் நிறுத்துவீர்கள்?" என்று எந்த ஷோரூமிலாவது நம்மைக் கேட்டதுண்டா? தவணை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிகிறது. ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குப் பெட்ரோலோ, கியாஸோ பொருத்தமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியது விற்பவரின் கடமையில்லையா? கடைக்கு வரும் அம்மா இட்லிக்கு அரிசி கேட்டால் பச்சரிசியை நிறுத்துக் கொடுத்துவிட்டு, "நீங்கள் வாங்கினீர்கள், நான் கொடுத்தேன்" என்று நாம் சொல்வதில்லையே!

இந்த ஒப்பீட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. பருப்பில் வண்டு இருந்தால் பாதி தீர்ந்த பையையும் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். நம் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. கம்பெனி ஒட்டி அனுப்பிய பாக்கெட்டை நாம் பிரிக்காமலே விற்றாலும், உள்ளே இருக்கும் குறைக்காக 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் பெயரும் சேர்ந்து வழக்காகிறது. நாற்பது ரூபாய் பொருளுக்கு இத்தனை பொறுப்பு. எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 'மெசேஜ் வரும்'.

மற்றக் குறைகளை ஓட்டமாகச் சொல்கிறோம். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் தேய்மானச் சாமான், வாரண்டியில் வராது. டயருக்கு டயர் கம்பெனியிடம் போக வேண்டும், பேட்டரிக்குப் பேட்டரி கம்பெனியிடம். பின் தொட்டியில் துரு பிடித்தால் பாடி கட்டியவர் வேறு என்று கை காட்டுகிறார்கள். இவையெல்லாம் புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கின்றன. எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதில் பெரிய வழக்கு எதுவும் இல்லை.

ஆனால் நம் பக்கத்துக் குறை ஒன்றை மறைத்து எழுதினால் இந்தப் பத்திரிகைக்கு அழகில்லை. முக்கால் டன் என்றால் 25 கிலோ சிப்பம் முப்பது. நம்மில் எத்தனை பேர் முப்பதோடு நிறுத்துகிறோம்? ஐம்பது ஏற்றி, மேலே எண்ணெய் டின் அடுக்கி, அதன்மேல் ஆளையும் உட்கார வைத்துக்கொண்டு போகிற வண்டியைத் தினமும் பார்க்கிறோம். பட்டை முறிந்தால், ஆக்சில் வளைந்தால் "ஓவர் லோடு" என்ற ஒரே சொல்லில் கம்பெனி தப்பித்துக்கொள்கிறது. நாமும் வாய் திறக்க முடிவதில்லை. இதற்கு நாமே இடம் கொடுக்கிறோம். போதாததற்கு, கூடுதல் பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாயிலிருந்து ஆரம்பமாகிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது லோடுடன் எடை மேடையில் ஏற்றி அந்தச் சீட்டை வைத்திருந்தால், நாளைக்கு ஒரு தகராறு என்று வரும்போது அது நமக்காகப் பேசும். அதே சமயம், சென்சார் கெடுவதும், புது வண்டியில் துரு ஏறுவதும், வயர் எரிவதும் பாரத்தால் வருவதல்ல. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதிலை ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. "வடிகட்டியையே எடுத்துவிடுகிறேன், விளக்கே வராது" என்று சொல்லும் பட்டறைகள் முளைத்திருக்கின்றன. கேட்பதற்குச் சுலபம். அது சட்ட விரோதம், வாரண்டியும் அன்றோடு போயிற்று. கம்பெனி மீது நமக்கிருந்த நியாயத்தை நம் கையாலேயே அறுத்துப் போடுவதாகும்.

நம் பழைய மெக்கானிக்குகள் ஏன் இதைச் சரி செய்ய முடியவில்லை என்று கேட்கலாம். திறமைக் குறைவல்ல. கோளாற்றைச் சொல்லும் கம்ப்யூட்டர் கம்பெனி வசம், உதிரிப் பாகமும் கம்பெனி வசம். கார்களின் விஷயத்தில் இதே முறையீடு இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போயிற்று. உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தது தவறு என்று ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேலாகியும், சரக்கு வண்டிக்குச் சென்சார் வாங்க நாம் இன்னும் அதே கண்ணாடி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் சொன்னார். இங்கேதான் சிறு வியாபாரிக்குப் பெரிய பள்ளம் இருக்கிறது. நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடமும் இதுதான்.

1986-ஆம் ஆண்டுச் சட்டமானாலும், அதற்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமானாலும், 'வணிக நோக்கத்துக்காக' ஒரு பொருளை வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது. வீட்டுக்குக் கார் வாங்கியவர் நுகர்வோர். கடைக்குச் சரக்கு வண்டி வாங்கியவர் இல்லை என்று முதல் நாளே கம்பெனி வக்கீல் எழுந்து சொல்வார். ஆனால் 1993-ல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்பதே அது. இதை உச்ச நீதிமன்றம் 1995-ல் லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற தொழிற்கூடத்துக்கும் நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடந்த வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. இயந்திரம் வாங்கிய தொழிற்கூடம் அந்த வழக்கில் தோற்றது, அது நுகர்வோர் அல்ல என்று முடிவாயிற்று. ஆனால் போகிற போக்கில் நீதிமன்றம் சொன்ன உதாரணங்கள் நமக்கு உயிர் நாடி. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது.

அப்படியானால் மளிகைக் கடைக்காரர் எந்தப் பக்கம்? தாமே ஓட்டி, ஓர் ஆளை உதவிக்கு வைத்துக்கொண்டு, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தும் நம் உறுப்பினர் இந்தப் பக்கம் நிற்க நியாயம் இருக்கிறது. சம்பளத்துக்கு டிரைவர், மூன்று வண்டி, கூட்டு நிறுவனம் என்று போனால் அந்தப் பக்கம். நடுவில் இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். ஒரே வண்டி, அண்ணன் தம்பி கடை, வயதாகிவிட்டதால் ஓட்ட ஒரு ஆள். இவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக வாதாட வேண்டிய சங்கதியாக இருக்கிறது.

இதில் நம் கவனத்துக்கு வராத ஒரு கண்ணியும் உண்டு. வண்டியைக் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் போட்டு வாங்கி, கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிறோம். சரக்கு வண்டிக்கு அப்படிக் கழிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அது நம் உரிமை. ஆனால் அதே பில்லை எடுத்து நீட்டி, "பாருங்கள், வணிக நோக்கத்துக்காகவே வாங்கியிருக்கிறார்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். வரி வேண்டாம் என்று விட்டுவிடும்படி நாம் யோசனை சொல்லவில்லை. அந்தத் தொகை சிறியதல்ல. புகார் எழுதும்போது, வண்டியை யார் ஓட்டுகிறார், குடும்பத்துக்கு வேறு வருமானம் உண்டா, கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

தயங்குபவர்களுக்குச் சில விவரங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி புனாவில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கோளாறு உண்டா இல்லையா என்று சோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தைக் கேட்கலாம், செலவை நாம் கட்ட வேண்டும். இத்தனைக்கும் அடிப்படை காகிதம். 'பொதுச் சோதனை' என்று எழுதிய ஜாப் கார்டை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. என்ன கோளாறு என்று நாம் சொன்னோமோ அதை நம் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, கிலோமீட்டர், விட்ட தேதி, எடுத்த தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத மறுத்தால் அன்றிரவே ஒரு பதிவுத் தபால். கல்லாவை விட்டுவிட்டு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். 36,100 ரூபாயை எத்தனை சிப்பத்தில் சம்பாதிப்பது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தனி ஆளாகப் போராடுவதன் எல்லை அவ்வளவுதான். ஒரே மாடலில் ஒரே கோளாறு பலருக்கு வந்தால் என்ன செய்வது? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு அரசே உத்தரவிடலாம் என்கிறது அது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டியின் சொந்தக்காரர் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். ஆனால் கட்டாய உத்தரவு வர வேண்டுமானால் ஒரே மாடலுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர வேண்டும். இங்கே ஒருவர், மேலூரில் ஒருவர், உசிலம்பட்டியில் ஒருவர் என்று தனித்தனியே புலம்பிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை என்றைக்கும் சேராது. ஐம்பது லாரி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரருக்குக் கம்பெனி ஆளை அனுப்பி வைக்கிறது. ஒரு குட்டி யானைக்காரருக்கு யார் வருவார்?

எனவே செயற்குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு வண்டிப் பேரேடு திறக்கப்படுகிறது. மாடல் வாரியாக, வந்த கோளாறு, நின்ற நாள், சொன்ன பதில் எல்லாம் அதில் ஏறும். ஒரே மாடலுக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் இணையதளத்தில் பதிவு செய்யச் சங்கமே உதவும். டீலர்களையும் நேரில் சந்திக்க இருக்கிறோம். அவர்களும் வியாபாரிகள்தான், தவணை கட்டித்தான் கண்ணாடி அறை கட்டியிருக்கிறார்கள். கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர்கள் படும் பாடும் நமக்குத் தெரியும். அவர்களிடம் கேட்கப்போவது மூன்று. தமிழில் ஜாப் கார்டு. வாரண்டி வேலையில் மூன்று நாளுக்கு மேல் வண்டி நின்றால் மாற்று வண்டி, அல்லது நாள் வாடகை. நின்ற நாள்களை வாரண்டிக் காலத்தோடு சேர்த்தல். ஓரிரு டீலர்களாவது ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறோம். ஒப்புக்கொண்டவரின் பெயரை இதே பக்கத்தில் போடுவோம். அடுத்த வண்டியை உறுப்பினர்கள் எங்கே எடுப்பது என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரே ஒரு சரக்கு வண்டி வைத்திருக்கும் சிறு வியாபாரி, ஓட்ட ஓர் ஆளை வைத்திருந்தாலும், நுகர்வோரே என்று சட்டத்தின் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். மே 5 வணிகர் தினத்தில் ஆண்டுதோறும் எத்தனையோ தீர்மானம் போடுகிறோம். இந்த ஆண்டு அதில் இந்த ஒரு வரியும் இடம்பெறும்படி நம் மாவட்டத்திலிருந்து எழுதி அனுப்பப்படுகிறது.

திருநகர் உறுப்பினரின் வண்டி இப்போது ஓடுகிறது. சென்சாரைப் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். 36,100 ரூபாயைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு, அடுத்த சர்வீஸில் கூலியில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தின் நகல்தான் வண்டிப் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது. அவருடைய புகார் மனு எழுதப்பட்டு வருகிறது. இரண்டு ஆண்டுக் கெடுவில் இன்னும் காலம் இருக்கிறது.

மற்ற உறுப்பினர்கள் ஆர்.சி. நகல், வாங்கிய பில், கிடைத்த ஜாப் கார்டுகள் எல்லாவற்றின் நகல், எடை மேடைச் சீட்டு இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வரவும். கடை அடைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு வந்தாலும் ஆள் இருப்பார்.